பச்சைத் துணி கட்டிய வீடு

நாலு வரிதான் மேடம், நாலே நாலு வரி, கூப்பிடுறதுக்குள்ள மனசுல ஏத்திக்குங்கன்னு பேப்பரைக் கையில திணிச்சுட்டு ஏட்டு சிங்காரம் டீ வாங்கப் போயிட்டாரு. ஐம்பத்தெட்டு வயசுல மனப்பாடம். பள்ளிக்கூடத்துலயே செய்யுள் ஒப்பிக்கத் திணறி வாசல்ல முட்டி போட்டவ நான். இப்போ முட்டியும் போட முடியாது, ரெண்டும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. இந்தக் கோர்ட்டு வராண்டா பெஞ்சுல நடுப்பலகை ஒண்ணு இல்ல, எப்படி உக்காந்தாலும் தொடையில வெட்டுது. மணி பத்தே முக்கால். கண்ணாடியை மாட்டிக்கிட்டு மறுபடி படிச்சேன். ஜூன் ஆறாம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு எதிரி எல்லப்பன் என் முன்னிலையில் தானாக முன்வந்து வாக்குமூலம் கொடுத்தார். பிறகு எங்களை அய்யனார் கோவிலுக்குப் பின்புறம் உள்ள பாழுங்கிணற்றுக்கு அழைத்துச் சென்று, மேற்குச் சுவர் இடுக்கிலிருந்து, மரக்கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை இன்ஸ்பெக்டர் கைப்பற்றினார். நானும் தலையாரி பெரியண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அவ்வளவுதான். அந்தக் கிணத்தை நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல. பாம்பு கெடக்குதுன்னு சொல்லுவாங்க, நானாவது அந்தப் பக்கம் போறதாவது. ஜூன் ஆறு மூணரைக்கு நான் தாலுக்கா ஆபீஸ்ல, ஊர்க் கணக்கைத் தணிக்கை பண்ற ஜமாபந்தியில, ஊரோட நில ரிஜிஸ்தரை எல்லாம் மடியில அடுக்கிக்கிட்டு எங்க ஊர் முறை எப்ப வரும்னு உக்காந்திருந்தேன். இதெல்லாம் நாலு வருசமா தெரிஞ்ச கதைதான். இன்னிக்குப் புதுசா ஒண்ணு தெரிஞ்சுது. சைக்கிள் டியூப். நான் கையெழுத்துப் போட்டப்ப அந்தத் தாள்ல சைக்கிள் டியூபும் இல்ல, கத்தியும் இல்ல, கிணறும் இல்ல. வெறும் தாள்.

வெறும் தாள்ல கையெழுத்துப் போடுறது நான் கண்டுபிடிச்ச வழக்கமா? ஊர்ல எது நடந்தாலும் என்னைக் கூப்பிடு, நான்தானே விஏஓ. கெணத்துல பொணம் மெதந்தா விஏஓ. வெள்ளம் வந்தா விஏஓ. ஆடு செத்தா, ஓட்டு போட்டா, மந்திரி வந்தா விஏஓ. திருடன் ஒருத்தனைப் புடிச்சு, அவன் சொன்ன இடத்துல பொருளை எடுத்தா, அதைப் பக்கத்துல நின்னு பாத்ததாக் கையெழுத்துப் போடவும் விஏஓ. அதுக்கு மகஜர்னு பேரு. நின்னு பாக்குற விஏஓ எவனாவது இருந்தா காட்டுங்க, கால்ல விழுறேன். ஸ்டேஷன் ரைட்டர் வண்டியில வருவாரு, மேடம் ரெண்டு கையெழுத்து, தலையாரிது ரெண்டும்பாரு, வேலை முடிஞ்சுது. நாளைக்கு நமக்கு ஒரு ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கணும்னா அவங்கதானே பாதுகாப்புக்கு வரணும். அன்னிக்கு வியாழக்கிழமை. ஜமாபந்தி முடிச்சு வந்து, ரெண்டு நாள் சேந்த வேலையில தலை வெடிச்சிட்டிருந்தேன். ரைட்டர் வந்து தாளை நீட்டினாரு. என்ன கேஸுன்னு கேட்டேன், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மேரி கேஸு மேடம், சாணைக்காரன் எல்லப்பன் ஒத்துக்கிட்டான், இன்ஸ்பெக்டர் எழுதிக்குவாருன்னாரு. பேனா எழுதல. உதறி உதறி எழுதினேன். மங்கையர்க்கரசின்னு பேரு வச்ச எங்கப்பாவைச் சொல்லணும், நாலு தாள்ல போடுறதுக்குள்ள கை வலிச்சுது. பெரியண்ணன் எனக்குக் கீழ கோழி கிறுக்கலா ஒண்ணு போட்டான். அவன் போன வருசம் மஞ்சக்காமாலையில போய்ச் சேந்துட்டான். கொடுத்துவச்சவன், கூண்டு ஏறத் தேவையில்ல. இப்போ நான் ஒருத்திதான் பாக்கி.

இருதயமேரியை எனக்கு நல்லாத் தெரியும். வேலங்குறிச்சியில அவளைத் தெரியாதவங்க யாரு. ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல ஜெராக்ஸ் கடை. ஸ்டேஷன் மெஷின் என்னிக்கும் ரிப்பேரு, அதனால அவங்க பேப்பர் பூரா அவ கடைக்குத்தான் வரும், ஓசியில. சரியா விழாத காப்பியை அவ தூக்கிப் போட மாட்டா, பின்பக்கம் வெள்ளையா இருக்குல்ல மேடம், ஸ்கூல் புள்ளைங்க எழுதிப் பழகும்பா, கட்டிக் கட்டி மேல் தட்டுல வச்சிருப்பா. அதுல ஒண்ணுதான் அவளுக்கு எமனா வந்துச்சுன்னு ஊர் பேசுது. ரைஸ்மில்காரர் மகன் காரை ஏத்தி, ரோடு கூட்டுற பொம்பளை ஒருத்தி செத்துப் போனா. காலையில எழுதுன பேப்பர்ல மகன் பேரு இருந்துச்சாம், சாயங்காலம் எழுதுன பேப்பர்ல டிரைவர் பேரு. காலைப் பேப்பரோட கோணல் காப்பி மேரிகிட்ட மாட்டிக்கிச்சு. மே மாசக் கடைசியில எங்கிட்ட வந்தா. மேடம், ஒரு பேப்பர் இருக்கு, உங்ககிட்ட குடுத்து வைக்கட்டுமா, கடையில வச்சுக்க பயமா இருக்குன்னா. நான் என்ன சொன்னேன்? ஜமாபந்தி முடியட்டும் மேரின்னு சொன்னேன். ஆமா, அதைத்தான் சொன்னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டு, நான் குடுத்த சர்டிபிகேட்டைக் கடைக்கு எடுத்துட்டுப் போயி பதினஞ்சு காப்பி எடுத்து அனுப்பினா. அடுத்த ஞாயித்துக்கிழமை, ஜூன் மூணு, கோயிலுக்குப் போயிட்டு வந்து மத்தியானம் கடையைப் பாதி தொறந்து வச்சு ஏதோ நோட்ஸ் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா, வயித்துலயும் கழுத்துலயும் குத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எதிர்ல ஸ்டேஷன்ல நாலு பேர் இருந்தாங்க, நாலு பேர் காதுலயும் விழலையாம். செயினைப் பறிக்க வந்த எடத்துல சாணைக்காரன் குத்திட்டான்னு கேஸு. செயின் கழுத்துலயே கெடந்துச்சு. மேல் தட்டுல கட்டு ஒண்ணுகூட இல்ல. யாரு பண்ணதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது சாமி. மில்காரர்னும் சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் செம்பியன்னும் சொல்ல மாட்டேன். ஆனா என் வாயால ஜமாபந்தி முடியட்டும்னு சொன்னது மட்டும் நெஞ்சுல முள்ளாட்டம் நிக்குது.

சைக்கிள் டியூப். ஊர்ல பாதிப் பேரு கத்தியில சைக்கிள் டியூப்தான் சுத்தியிருக்கு. கைப்பிடி வெடிச்சா வேற என்ன பண்ணுவாங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் பண்ணாரு. மனுசன் செத்து ஏழு வருசமாச்சு, இன்னும் வீட்டுல எதைத் தொட்டாலும் அவர் கைதான். கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்துல பேரு வெட்டுறது எல்லாரும் செய்யறதுதான். இவரு அதோட நிக்கல. பேரு வெட்டுற மெஷினையே வாங்கிட்டு வந்து, கரண்டி, சல்லடை, தண்ணி மோந்து ஊத்துற சொம்பு, எல்லாத்துலயும் புள்ளி புள்ளியா அரசி, அரசின்னு வெட்டிப் போட்டாரு. யாருங்க திருடப் போறா இந்தச் சல்லடையைன்னு கேட்டா, உன் பேரு வெட்டுறதுக்கு ஒரு சாக்குடின்னு சிரிப்பாரு. மீன் கத்தியையும் விடல. கைப்பிடிக்கிட்ட, இரும்புல, அரசின்னு வெட்டினாரு. அப்புறம் கைப்பிடி வெடிச்சுது, டியூப் சுத்தினாரு, கடைசி எழுத்து டியூப்புக்குள்ள போயிடுச்சு. அர மட்டும்தான் வெளியில தெரியும். பாத்தியா, பாதி அரசியை மூடிட்டேன்னாரு. அந்தக் கத்தியைத்தான் செவ்வாக்கிழமை காலையில எல்லப்பன்கிட்ட சாணை பிடிக்கக் குடுத்தேன். செவ்வாய். ஜூன் அஞ்சு. மேரி செத்து ரெண்டாம் நாள். தேதி மறக்குமா, ஜமாபந்திக்கு மொத நாள். ஆபீஸுக்குக் கெளம்பி கேட்டைப் பூட்டுறப்ப சாணை சாணைன்னு சத்தம் கேட்டுச்சு, திரும்ப உள்ள ஓடி எடுத்துட்டு வந்து குடுத்தேன். சக்கரத்து வார் அறுந்துபோச்சும்மா, மாட்டிட்டு சாயங்காலம் திரும்பி வர்றப்ப குடுத்துடுறேன்னான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, அதுக்கு ஒரு முறை வச்சிருந்தான். பையிலேருந்து பழைய துணி ஒண்ணை எடுத்து ரெண்டாக் கிழிச்சான், பாதியைக் கத்தியில கட்டினான், பாதியை எங்க கேட்டுக் கம்பியில கட்டினான். ஒரு வீட்டுக்கு ஒரு நெறம், எனக்கு வந்தது பச்சை. சாயங்காலம் அவன் வரல. மத்தியானமே அவனை ஜீப்புல ஏத்திட்டாங்க.

நான் யோசிக்கலைன்னு நெனைக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மீன் வாங்கிட்டு வந்து கத்தியைத் தேடினேன். கையில மீனை வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். அவன் பெட்டி ஸ்டேஷன்ல இருக்கு. கேக்கப் போனா அங்கதான் கேக்கணும். போய், என்னோட கத்தி ஒண்ணு உங்ககிட்ட இருக்கு சார்னு எப்படிக் கேக்குறது? சந்தையில வேற கத்தி வாங்கிட்டேன். அது என்னிக்கும் சரியா அறுத்ததில்ல. கேட்டுல கட்டியிருந்த பச்சைத் துணியை அவுக்கணும் அவுக்கணும்னு நெனைப்பேன். மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு முடிச்சு இறுகிப்போச்சு. நாலு வருசமா காலையில கேட்டைத் தொறக்குறப்ப விரல்ல படும், சாயங்காலம் பூட்டுறப்ப படும். கத்தரிக்கோல் எடுத்து ஒரு வெட்டு வெட்ட எத்தனை நேரம் ஆகும்? வெட்டல. ஏன் வெட்டலன்னு எனக்கே தெரியல. இல்ல, தெரியும். வெட்டினா நானும் சேந்து மறைச்ச மாதிரி ஆயிடும். அது பாட்டுக்குக் கெடக்குதுன்னா நான் ஒண்ணும் பண்ணல. நல்ல கதைதான்.

டீ ஆறிடும் மேடம்னு சிங்காரம் வந்துட்டாரு. சக்கரை போடாம வாங்கிட்டு வந்திருக்காரு, எனக்குச் சக்கரைன்னு யாரு சொன்னது, அதையும் விசாரிச்சு வச்சிருக்காங்க. வரி மனசுல ஏறிடுச்சான்னு கேட்டாரு. ஏட்டய்யா, அந்தக் கத்தியைப் பாத்திருக்கீங்களான்னு கேட்டேன். பாக்காம? நான்தானே துணி சுத்தி சீல் வச்சு அனுப்பினேன்னாரு. பெரிய கத்தியா? இந்தா, இந்தச் சாண் இருக்கும். அதுல ஏதாவது... ஏதாவதுன்னா? இல்ல, அடையாளம் ஏதாவது. அவரு என்னை ஒரு நிமிசம் உத்துப் பாத்தாரு. அடையாளம் எதுக்கு மேடம், உங்ககிட்ட காட்டுவாங்க, இதுதான்னு சொல்லிட்டு எறங்கிடுங்க. லேப்ல ரத்தம் இருந்துச்சுன்னே சொல்லிட்டான். எந்த ரத்தம்னுதான் சொல்ல முடியலையாம், ரொம்பக் கொஞ்சமா இருந்துச்சாம். மீன் ரத்தம்னா டியூப் மடிப்புல தங்கிப்போகும். எத்தனை தேச்சுக் கழுவினாலும் தங்கும், வாடை போகவே போகாது. ஜூன் மூணு ஞாயித்துக்கிழமை விரால் மீன். மேரி கடையில ரத்தம் ஓடின நேரத்துக்கு நான் கொல்லையில உக்காந்து விரால் ஆஞ்சுக்கிட்டு இருந்தேன், பூனை ரெண்டு சுத்திச் சுத்தி வந்துச்சு. சிங்காரம் கொரலைத் தாழ்த்திக்கிட்டு, டிஎஸ்பி அய்யா உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாருன்னாரு. செம்பியன் இப்போ டிஎஸ்பி. ரிட்டயர்மெண்ட் எப்பன்னு கேட்டாரு மேடம், இன்னும் பதினாலு மாசம்னு நான்தான் சொன்னேன், நல்லபடியா போகட்டும்னாரு. நல்லபடியா போகட்டும். எவ்வளவு பதவிசா சொல்லி அனுப்புறாங்க. சர்க்கார் சாட்சி, அதுவும் சர்க்கார் வேலையில இருக்குறவ, மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு எங்க விஏஓ சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். மெமோ வரும், விசாரணை வரும், ரிட்டயர் ஆக விடாம நிறுத்தி வைப்பாங்க, பொய்ச் சாட்சின்னு எம்மேலயே கேஸும் வரும். பக்கத்து ஊர் விஏஓ ஒருத்தர் அப்படித்தான் ஆறு வருசம் அலைஞ்சு, பக்கவாதத்துல விழுந்தாரு. மக சென்னையிலேருந்து நேத்து போன்ல சொன்னா, அம்மா, குடுத்ததைச் சொல்லிட்டு வாம்மா, நீ என்ன ஊரைத் திருத்தவா பொறந்தேன்னா. திருத்தவெல்லாம் பொறக்கலடி. வீட்டுக்குப் போயி காலை நீட்டிப் படுத்தாப் போதும் எனக்கு.

சிங்காரம் உள்ள போனதும் எதிர் ஓரத்துல தரையில உக்காந்திருந்த பொம்பளை நகந்து எங்கிட்ட வந்தா. அம்மா, மணி என்னன்னு கேட்டா. பதினொண்ணரைன்னேன். நீங்களும் கேஸாம்மா? ம்னேன். எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு முக்கியமான சாட்சியாம், காலையிலேயே கஞ்சி குடிக்காம வந்துட்டேன்னா. வயசு முப்பத்தஞ்சு இருக்கும், முடி பாதி நரைச்சிருக்கு. என்ன கேஸும்மான்னு நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். நாக்கு அதுவா கேட்டுச்சு. கொலைக் கேஸும்மா, சாணை பிடிக்கிறவரு, ஒரு பொம்பளையைக் குத்திட்டாருன்னு. எம்பேரு கன்னியம்மான்னா. எல்லப்பன் பொண்டாட்டி. நான் டீ கப்பைக் கீழ வச்சேன். அவ சொல்லிக்கிட்டே போறா, யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தவ. புடிச்சுக்கிட்டுப் போன பத்தாம் நாள் பெட்டியைத் திருப்பிக் குடுத்தாங்கம்மா. உள்ள பத்துக் கத்தி, அருவா எல்லாம் சேத்து. ஊராரு பொருளாச்சே, வச்சுக்க முடியுமா. துணியைப் பாத்துப் பாத்துத் தெருத் தெருவா போனேன். செவப்புத் துணி கேட்டு, மஞ்சத் துணி கேட்டுன்னு தேடித் தேடிக் குடுத்தேன். சில வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க, வாசல்லயே வச்சுட்டு வந்தேன். கொலைகாரன் பொண்டாட்டின்னு ஒருத்தி தண்ணியை ஊத்தினா. பத்தும் குடுத்து முடிச்சேன். மேலத் தெருவுல ஒரு வீட்டு கேட்டுல பச்சைத் துணி இருந்துச்சும்மா. பச்சைத் துணிக் கத்தி எங்கிட்ட இல்ல.

அப்புறம்னு கேட்டேன்.  அப்புறம் என்னம்மா, ஜெயில்ல மனு போட்டுப் பாக்குறப்ப அவருகிட்ட சொன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. அதைத்தான்டி எடுத்து வச்சுக்கிட்டு கொலைக் கத்தின்னு சொல்றாங்க, அந்தப் பொம்பளை செத்துப்போன ரெண்டாம் நாள் எங்கைக்கு வந்த கத்தி அது, அந்த வீட்டுக்காரவுங்க வந்து எங்களுதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டின்னாரு. வக்கீலய்யாகிட்ட சொன்னேன். சர்க்காரே வச்சுக் குடுத்த வக்கீலு, இவரு மூணாவது ஆளு. சிரிச்சாரு. கொலைக் கத்தி எங்க வீட்டுக் கத்தின்னு எவம்மா வந்து சொல்லுவான், நீயா இருந்தா சொல்லுவியான்னு கேட்டாரு. நியாயம்தானேம்மா. நீ அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டியான்னு நான் கேட்டேன். போனேம்மா, ரெண்டு தடவை போனேன். வாசல்ல சர்க்காரு போர்டு மாட்டியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கோபுரம் போட்ட போர்டு தெரியும்ல. அதைப் பாத்ததும் அப்படியே திரும்பி வந்துட்டேன். ரெண்டாம் தடவை துணிஞ்சு கேட்டைப் புடிச்சுட்டேன். உள்ளேருந்து அந்தம்மா சத்தம் போட்டாங்க. சர்டிபிகேட்டுன்னா ஆபீஸுக்கு வா, வீட்டுல வந்து உயிரை வாங்காதேன்னாங்க. வந்துட்டேன். அவுங்க மேல தப்பில்லம்மா, என்ன அலுப்போ.

என்ன அலுப்போ. அந்தக் கொரல் என் கொரல். சன்னல் வழியா கத்தினேன், பாக்கக்கூட இல்ல. கொத்தமல்லி ஆஞ்சுக்கிட்டு இருந்தேனா, டிவி பாத்துக்கிட்டு இருந்தேனா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு நாளைக்கு நாலு பேரு அப்படிக் கேட்டைத் தட்டுவாங்க, நாலு பேரையும் அப்படித்தான் வெரட்டுவேன். இவ இப்போ எம்மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கா, கொரலைக் கேட்டும் கண்டுபிடிக்கல. நாலு வருசத்துல என் கொரல் அவ்வளவு இறங்கிப்போச்சா, இல்ல கோர்ட்டு வராண்டாவுல எல்லாருக்கும் ஒரே கொரல்தானா. எந்திரிச்சுப் போயிடலாம்னு தோணுச்சு. நெஞ்சு வலின்னு சொல்லி ஆஸ்பத்திரியில படுத்துக்கலாம், வாய்தா வாங்கிடலாம். வாங்கி? அடுத்த மாசம் இதே பெஞ்சு, இதே பலகை. பதினாலு மாசத்தை அப்படியே இழுத்துடலாம்ல. இழுத்தா அவன் உள்ளயே கெடப்பான். ஜாமீன்ல எடுக்க ஆள் இல்லாம நாலு வருசமா கெடக்குறான். ஆனா அது என் கத்தியா இல்லாமலும் இருக்கலாம். அரன்னு ரெண்டு எழுத்து இருந்தா இத்தனை பேரு கண்ணுல படாதா? துரு புடிச்சா புள்ளியும் துருவும் ஒண்ணாத்தான் தெரியும், தெரிஞ்சவ பாத்தாத்தான் எழுத்து. ஐயோ, அது வேற கத்தியா இருக்கக் கூடாதா? வேற கத்தியா இருந்தா நாலு வரியைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவேனா? போவேன். அதுதான் பயமா இருக்கு. வேற எவ வீட்டுக் கத்தியாவது இருந்தா நான் ஒப்பிச்சிட்டுப் போயிடுவேன், முப்பது வருசமா அதைத்தானே பண்ணேன். எத்தனை வெறும் தாள். எத்தனை எல்லப்பன். எண்ணிப் பாக்கக்கூடத் தைரியம் இல்ல எனக்கு. இந்தாங்கம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க, மூஞ்சி எப்படியோ இருக்குன்னு கன்னியம்மா பாட்டிலை நீட்டினா. வாங்கிக் குடிச்சேன். வாய் வச்சே குடிச்சுட்டேன், அவ தொடைக்காமலே மூடி வச்சுக்கிட்டா.

மங்கையர்க்கரசீ, மங்கையர்க்கரசீ, மங்கையர்க்கரசீன்னு டவாலி மூணு தரம் கூப்பிட்டாரு. எந்திரிக்கிறப்ப முட்டி மடங்குச்சு. கன்னியம்மா கையைக் குடுத்துத் தூக்கிவிட்டா. போயிட்டு வாங்கம்மா, நல்லபடியா முடியும்னா. இவளும் அதையேதான் சொல்றா, நல்லபடியா. கூண்டுல ஏறுறதுக்கு ஒரு படி, அது உயரம். ஃபேன் சத்தத்துல சத்தியம் பண்ணச் சொன்னது பாதிதான் கேட்டுச்சு, உண்மையைச் சொல்கிறேன்னு சொன்னேன். எதிர்ல கூண்டுல எல்லப்பன் நிக்கிறான். கேட்டுல துணி கட்டின ஆளா இது, சட்டைக்குள்ள ஆளே இல்ல. என்னைப் பாத்தான். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கூண்டு ஓரத்துக்கு நகந்து வந்தான். கண்ணு மட்டும் நகரல. அரசு வக்கீலு மகஜரைக் காட்டி, இது உங்க கையெழுத்துதானேன்னாரு. ஆமாங்கய்யான்னேன். துணிப் பொட்டலத்தைப் பிரிச்சு, சீட்டு கட்டின கத்தியை எங்கையில குடுத்தாங்க. துருவேறி செம்மண் கலருல இருந்துச்சு. வெயிட்டு தெரியும்ல. இருபது வருசம் ஒரு கத்தியைப் புடிச்ச கைக்கு, கண்ணை மூடிக்கிட்டே தெரியும். கட்டைவிரலை வச்சு டியூப் ஓரமா தடவினேன். புள்ளி. புள்ளி. அர. இந்தக் கத்தியை அடையாளம் தெரியுதான்னு வக்கீலு கேட்டாரு. தெரியுதுங்கய்யான்னேன். அவ்வளவுதான், அவரு உக்காந்துட்டாரு. எல்லப்பனோட வக்கீலு பேப்பரைப் பாத்துக்கிட்டே குறுக்கு விசாரணை இல்லைங்கய்யான்னாரு. இறங்குங்கம்மான்னு டவாலி கையைக் காட்டினாரு. முடிஞ்சுபோச்சு. ஒரு பொய்யும் சொல்லல நான். எறங்கி நடந்தா பஸ் ஸ்டாண்டு, ஒண்ணு இருபது பஸ், வீடு, கேட்டு, விரல்ல படுற துணி.

எறங்கல. இறங்குங்கம்மான்னு மறுபடியும் சொன்னாரு. கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எப்படித் தெரியும்னு யாரும் கேக்கலியேங்கய்யான்னேன். ஜட்ஜய்யா அப்பத்தான் தலையைத் தூக்கினாரு. அரசு வக்கீலு எந்திரிச்சு, சாட்சிக்கு உடம்பு சரியில்லன்னு நெனைக்கிறேன்னு ஏதோ ஆரம்பிச்சாரு. சிங்காரம் வாசப்படியில நின்னு கண்ணாலயே கெஞ்சுறாரு, பாவம், அவருக்கும் புள்ளைகுட்டி இருக்கு. அவங்க பேசட்டும்னாரு ஜட்ஜய்யா. கத்தியை இன்னும் எங்கையிலேருந்து வாங்கல. டியூப்பை விரலால உருட்டினேன், காஞ்சுபோன ரப்பரு, சுக்கு நூறா உதிந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மூடி வச்ச மிச்சம் ஒரு எழுத்து, சி, உள்ள பளிச்சுன்னு இருந்துச்சு, துருவே ஏறாம. ஐயா, இது எங்க வீட்டு மீன் கத்தி. எங்க வீட்டுக்காரர் எம்பேரை வெட்டியிருக்காரு, பாருங்க. மேரி செத்த அன்னிக்கு மத்தியானம் இது எங்கையில இருந்துச்சு, செவ்வாக்கிழமைதான் இவன்கிட்ட சாணைக்குக் குடுத்தேன். நான் எந்தக் கிணத்துக்கும் போகல, வெறும் தாள்லதான் கையெழுத்துப் போட்டேன், அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. வெளிய கன்னியம்மா சத்தமில்லாம கதவோரம் வந்து நின்னா. நான் அவளைப் பாக்கல, பாத்தா பேச்சு நின்னுடும். எங்க வீட்டு கேட்டுல பச்சைத் துணி இன்னும் அப்படியேதான் கட்டியிருக்குங்கய்யா, மேலத் தெரு, ஆள் அனுப்பிப் பாருங்க.